கிரீன்லாந்து சுறாவுக்கு 392 வயசுன்னு எப்படிச் சொல்றாங்க?

400 வருஷம் வாழுற சுறா பத்தி ஒரு வாட்ஸப் ஃபார்வேர்டு உங்களுக்கும் வந்திருக்கும். வட அட்லாண்டிக், ஆர்க்டிக் கடல்களில் வாழும் கிரீன்லாந்து சுறாதான் அது. சரி, அந்த எண் எங்கிருந்து வந்துச்சு?

பல சுறாக்களின் வயதை முதுகெலும்பில் இருக்கும் வளையங்களை எண்ணிக் கண்டுபிடிப்பாங்க. இந்தச் சுறாவின் முதுகெலும்பு ரொம்ப மென்மை. எண்ணுற மாதிரி வளையமே இருக்காது. அதனால யூலியஸ் நீல்சன் குழு அதோட கண்ணை எடுத்துப் பார்த்தாங்க. கண் லென்ஸின் நடுப்பகுதி, குட்டி தாய் வயித்துக்குள்ள இருக்கும்போதே உருவாகிடும். அப்புறம் மாறாது. 1950-களில் நடந்த அணுகுண்டு சோதனைகளால காற்றில் கார்பன்-14 கூடிச்சு. 1960-களின் தொடக்கத்துல அது கடல் உயிர்களுக்குள்ளும் வந்துடுச்சு. லென்ஸ் நடுவில் அந்தத் தடம் இருந்தா, சுறா அதுக்கு அப்புறம் பிறந்தது. நம்ம பாஷைல சொன்னா, டைம்ஸ்டாம்ப்.

மொத்தம் 28 பெண் சுறாக்கள். ரொம்பச் சின்னதா இருந்த சிலதில் மட்டும்தான் அந்தத் தடம். மத்ததுக்கெல்லாம் நீளத்தையும் கார்பன் அளவையும் சேர்த்து வெச்சுக் கணக்குப் போட்டாங்க. 5.02 மீட்டர் நீளமான பெரிய சுறாவுக்கு வந்த விடை 392, கூடக்குறைய 120. ஃபார்வேர்டுல இந்த 120-ஐ மட்டும் வசதியா விட்டுடுவாங்க! அதாவது 272-ல இருந்து 512 வரைக்கும் எதுவா வேணா இருக்கலாம். 272-னே வெச்சுக்கிட்டாலும், நமக்குத் தெரிஞ்ச முதுகெலும்புள்ள உயிர்களில் ஆயுள் அதிகம் இதுக்குத்தான்.

ஆள் ரொம்ப ஸ்லோ. மணிக்கு ஒன்றேகால் கிலோமீட்டர்கூட நீந்தாது. நிறைய சுறாக்களின் கண்ணில் ஓர் ஒட்டுண்ணி வேற தொங்கிட்டிருக்கும். ஆனா வயித்தை அறுத்துப் பார்த்தா சீல் இருக்கு! தூங்குற சீலைப் பிடிக்குதுன்னு ஒரு கருத்து உண்டு. எனக்கும் அதுதான் பொருத்தமா படுது.

2016-ல் வந்த அந்த ஆய்வில், 392-ஐ விட என்னை யோசிக்க வெச்சது இன்னொரு எண்: 156. பெண் சுறா குட்டி போடுற பருவத்துக்கு வரவே சுமார் 156 வருஷம் ஆகுமாம். 1900-ல பிறந்த ஒரு பெண் சுறா, இந்தக் கணக்குப்படி 2056 வாக்கில்தான் தயாராகும். 20-ம் நூற்றாண்டின் முதல் பாதி வரைக்கும் ஈரல் எண்ணெய்க்காக இதை ஏகப்பட்டது பிடிச்சாங்க. அந்த இழப்பு இன்னும் ஈடாகியிருக்க வாய்ப்பே இல்ல. இப்போ வேட்டை குறைவுதான். ஆனா வேற மீனுக்குப் போட்ட வலையில் இது மாட்டிக்குது. வடமேற்கு அட்லாண்டிக்கின் சர்வதேசக் கடலில், அப்படி மாட்டினாலும் கப்பலில் வெச்சுக்கக் கூடாதுன்னு 2022-லதான் முடிவாச்சு.