"ஒரு தடவைதானே" என்று இருக்கலாமா?



லயங்களுக்குப் போகும்போது இரண்டு விதமான பேச்சு எங்கள் காதில் விழுகிறது. ஒன்று, "ஒரு தடவைதானே, அதுக்குள்ள என்ன ஆகப் போகுது?" மற்றது, "கலியாணம் முடிஞ்சு ஆறு மாசமாச்சு, இன்னும் ஒன்னுமில்லையே. மருமககிட்டதான் ஏதோ குறை." இரண்டு பேச்சும் தவறு. ஒரே கணக்கைத் தெரிந்துகொண்டால் இரண்டும் தீர்ந்துவிடும். மாதக் கடைசியில் செக்ரோலில் எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்று விரல்விட்டு எண்ணும் நமக்கு இது பெரிய கணக்கல்ல.

கரு தங்கும் நாட்கள்

ஒரு மாதவிடாய்க்கும் அடுத்த மாதவிடாய்க்கும் நடுவில் பெண்ணின் உடம்பில் முட்டை வெளிவருகிறது. அது ஒரு நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது. ஆனால் ஆணின் விந்தணு பெண்ணின் உடம்புக்குள் 5 நாள் வரை உயிரோடு காத்திருக்கும். ஆகவே முட்டை வரும் நாளும் அதற்கு முந்திய 5 நாட்களும், மொத்தம் 6 நாட்களே கரு தங்கக்கூடிய நாட்கள்.

முட்டை வருவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய 14 நாட்களுக்கு முன். இரத்தம் படும் முதல் நாளை 1 என்று வைத்து எண்ணுங்கள். 28 நாளைக்கு ஒரு முறை வருகிறவருக்கு 9 முதல் 14 வரை. 35 நாளைக்கு ஒரு முறை என்றால் 16 முதல் 21 வரை. 24 நாளைக்கே வந்துவிடுகிறவருக்கு 5ஆம் நாளிலேயே தொடங்கிவிடும். "குளிச்ச கையோட பயமில்லை" என்பது அவருக்குப் பொருந்தாது.

இந்தக் கணக்கை மட்டும் நம்பி இருந்துவிடவும் கூடாது. நோய், மனக்கவலை போன்றவற்றால் முட்டை வரும் நாள் முன்னே பின்னே போகும்.

ஒரு தடவையில் எவ்வளவு வாய்ப்பு?

முட்டை வருவதற்கு 5 நாட்களுக்கு முன் ஒரு தடவை சேர்ந்தால், 10 பெண்களில் ஒருவருக்குக் கரு தங்கலாம். முட்டை வரும் நாளை ஒட்டிச் சேர்ந்தால் 10 பேரில் 3 பேருக்கு அளவில் தங்கலாம். அது வாழ்க்கையில் முதல் தடவையாக இருந்தாலும் கணக்கு இதேதான். பிறகு கழுவிக்கொள்வது, எழுந்து நிற்பது, குதிப்பது எதுவும் தடுக்காது. "வெளியே எடுத்துடுவேன்" என்று கணவர் சொல்வதை நம்பி இருக்கிறவர்களில், ஒரு வருடத்தில் 100க்கு 20 பேர் அளவில் கர்ப்பமாகிறார்கள்.

பால் கொடுக்கும் தாய்மார்

"பால் குடுக்கிறேன், இன்னும் தூரமாகல, பயமில்லை" என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் அது சரி: பிள்ளைக்கு 6 மாதம் முடியாதிருக்க வேண்டும், மாதவிடாய் திரும்ப வராதிருக்க வேண்டும், இரவு பகலாகத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். அப்படியிருந்தால் 100க்கு 2 பேருக்கும் குறைவாகவே கரு தங்கும். பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு கொழுந்துக்குப் போகிறோம், அங்கே போத்தல் பால் கொடுக்கிறார்கள் என்றால் இந்தக் காவல் உடைந்துவிட்டது. பிரசவத்துக்குப் பின் முதல் மாதவிடாய் வருமுன்பே முட்டை வரலாம். தூரமாகாமலே மறுபடி முழுகாமல் போவது இப்படித்தான்.

பயம் வந்தால்

பாதுகாப்பில்லாமல் சேர்ந்துவிட்டால் அவசர கருத்தடை மாத்திரை பாமசியில் கிடைக்கும். 72 மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அது கருவைக் கலைக்கும் மருந்தல்ல. 5 நாட்களுக்குள் லூப் போட்டாலும் தடுக்கலாம். நாள் தள்ளிப் போனாலோ, சேர்ந்து 3 வாரம் ஆனாலோ சிறுநீர் சோதித்தால் தெரிந்துவிடும். யாரோ கொடுக்கும் கலைப்பு மருந்தை வாங்கி உயிரோடு விளையாடாதீர்கள்.

பிள்ளைக்குக் காத்திருப்பவர்கள்

நல்ல நாளில் சேர்ந்தாலும் 10 பேரில் 7 பேருக்கு அந்த மாதம் தங்குவதில்லை. அது குறையல்ல, இயற்கை. தடை எதுவும் பாவிக்காமல் சேர்ந்து வாழும் 100 தம்பதிகளில் 80க்கு மேற்பட்டோருக்கு ஒரு வருடத்துக்குள் கரு தங்கிவிடும். வருடம் கடந்தால், மனைவிக்கு 35 வயதுக்கு மேல் என்றால் 6 மாதம் கடந்தால், கணவனும் மனைவியும் சேர்ந்தே டொக்டரிடம் போங்கள். குறை ஆணிடமும் இருக்கலாம். ஆறு மாதத்திலேயே ஒரு பெண்ணை "மலடி" என்று சொல்வது பெரும் பாவம்.

பிள்ளை இப்போது வேண்டாம் என்றால் மாத்திரை, ஊசி, லூப், கையில் வைக்கும் குச்சி, ஆணுறை என்று பல வழிகள் உண்டு. மிட்வைப் அம்மாவிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். எது வேண்டும் என்பதை நீங்கள் இருவரும்தான் தீர்மானிக்க வேண்டும். ஒப்பரேசனுக்கு வா என்று யாரும் உங்களை வற்புறுத்த முடியாது.

தகப்பன்மாரே, இதை வாசித்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். இன்று இராத்திரி உங்கள் வீட்டுக்காரியோடு சேர்ந்து ஒரு தரம் அந்த நாட்களை எண்ணிப் பாருங்கள்.