காகிதத்தில் போட்ட ஓட்டை: ஆட்டோகேட் வியூபோர்ட்

எங்கள் வீடு கட்டும்போது ஒரு நாள் சாயங்காலம் டேப்பை வைத்துப் பார்த்தேன். 10 அடி இருக்க வேண்டிய சமையலறை 9 அடி 1 அங்குலம்தான் இருந்தது. செங்கல் மூன்று வரி ஏறியாச்சு. மேஸ்திரியிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். அவர் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. பிளானை விரித்து, "நீங்களே அளந்து பாருங்க சார்" என்று ஸ்கேலை நீட்டினார்.

அந்த ஒரு அறைக்கு மட்டும் படத்தில் அளவு எழுத விட்டுப்போயிருந்தது. அதனால் அவர் காகிதத்திலேயே அளந்து, கீழே போட்டிருந்த 1:50 விகிதப்படி 50-ஆல் பெருக்கியிருக்கிறார். ஸ்கேலில் வந்தது 55 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. 50-ஆல் பெருக்கினால் அதே 9 அடி 1 அங்குலம். மேஸ்திரி மேல் தப்பே இல்லை. படத்தை ஸ்கேல் வைத்து அளக்கக்கூடாது என்று கட்டடக்கலைஞர்கள் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அளவு எழுதாவிட்டால் மனுஷன் வேறு என்னதான் செய்வான்?

ராத்திரி அந்த ஆட்டோகேட் ஃபைலைத் திறந்து பார்த்தேன். சமையலறை சரியாக 3048 மி.மீ., அதாவது 10 அடி. வரைந்தது சரி, காகிதத்தில் வந்தது தப்பு. நடுவில் நின்று பொய் சொன்னது வியூபோர்ட்.

நான் சாஃப்ட்வேர் ஆள். எனக்கு வியூபோர்ட் என்றால் ஓப்பன்ஜிஎல்லில் திரையின் எந்தச் செவ்வகத்தில் படம் விழ வேண்டும் என்று சொல்கிற ஒரு வரி, அவ்வளவுதான். ஆட்டோகேடில் அது இன்னும் சுவாரசியமான சமாச்சாரம். அங்கே இரண்டு உலகங்கள் உண்டு. மாடல் ஸ்பேஸில் வீடு நிஜ அளவிலேயே இருக்கும். 3 மீட்டர் சுவரை 3000 மி.மீ. என்றே வரைய வேண்டும். பேப்பர் ஸ்பேஸில் காகிதம் நிஜ அளவில் இருக்கும். ஏ3 என்றால் 420-க்கு 297 மி.மீ. இரண்டு பக்கமும் யாரும் எதையும் சுருக்குவதில்லை. காகிதத்தில் ஒரு ஓட்டை போட்டு, அதன் வழியாகப் பின்னால் நிற்கும் வீட்டைப் பார்க்கிறோம். அந்த ஓட்டைதான் வியூபோர்ட். எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறோம் என்பதுதான் விகிதம். ஆக 1:50 என்பது வீட்டின் குணமும் இல்லை, காகிதத்தின் குணமும் இல்லை. ஓட்டையின் குணம்.

இந்த ஏற்பாடு 1990-இல் வந்த ரிலீஸ் 11-இல்தான் ஆட்டோகேடுக்குள் நுழைந்தது. அதற்கு முன் என்ன செய்தார்கள் என்று தேடினால் பாவமாக இருக்கிறது. வீட்டைச் சுற்றி 21 மீட்டர் நீளமுள்ள ஒரு ஏ3 காகித பார்டரை வரைவார்கள்! 3 மி.மீ. உயரத்தில் எழுத்து அச்சாக வேண்டுமென்றால் 150 மி.மீ. உயரத்தில் எழுத வேண்டும். அதே தாளில் பாத்ரூமை மட்டும் 1:20-இல் பெரிதாகக் காட்டணுமா? பாத்ரூமை நகலெடுத்து இரண்டரை மடங்கு ஊதிப் பெருக்கி, அளவுகள் சரியாக வருவதற்காக டிம்எல்ஃபேக் என்ற மாறியில் 0.4 என்று போட்டு சமாளிக்கணும். அப்புறம் பிளானில் சுவரை நகர்த்தினால் அந்த நகல் பழைய இடத்திலேயே நிற்கும். ஒரே தாளில் இரண்டு வீடு.

வியூபோர்ட் இருந்தால் இந்த வேலையே வேண்டாம். ஒரு ஓட்டை 1:50-இல் முழு வீட்டைக் காட்டும், இன்னொன்று 1:20-இல் அதே பாத்ரூமைக் காட்டும். சுவர் ஒன்றுதான், நகர்த்தினால் இரண்டிலும் நகரும். ஒவ்வொரு ஓட்டையிலும் வேண்டாத லேயர்களைத் தனித்தனியாக உறைய வைக்கவும் முடியும். ஒன்றில் சுவர் மட்டும், பக்கத்து ஓட்டையில் அதே சுவரோடு மின்சார வயரிங்.

(இந்த யோசனையின் வேர் ஆட்டோகேடைவிடப் பழையது. 1963-இல் ஐவன் சதர்லேண்ட் எம்ஐடியில் சமர்ப்பித்த ஸ்கெட்ச்பேட் ஆய்வேட்டிலேயே 7 அங்குலத் திரை வழியாகச் சுமார் கால் மைல் அகலமுள்ள கற்பனைக் காகிதம் ஒன்றைப் பார்க்கலாம்.)

சரி, எங்கள் பிளானில் என்ன ஆச்சு? ஓட்டைக்குள் டபுள் கிளிக் செய்தால் நாம் அதன் வழியாக மாடலுக்குள் போய்விடுகிறோம். சின்னத் திருத்தம் செய்ய எல்லோரும் இப்படிப் போவதுண்டு. உள்ளே இருக்கும்போது மவுஸ் சக்கரத்தை உருட்டினால் நகர்வது வெறும் பார்வை இல்லை, விகிதம். வரைந்தவர் உருட்டியிருக்கிறார். வெளியே வந்து பார்த்தால் படம் பழையபடிதான் தெரியும், ஒரு விரல்நுனி சின்னதாக. யார் கண்டுபிடிக்க முடியும்? புராப்பர்ட்டீஸில் பார்த்தேன். 0.02 என்று இருக்க வேண்டிய இடத்தில் 0.0182. அதாவது 1:55. கீழே கையால் தட்டிய "1:50" மட்டும் அப்படியே இருந்தது.

இதற்கு மருந்து ரொம்பச் சின்னது. வியூபோர்ட்டின் ஓரத்தைத் தேர்ந்தெடுத்து டிஸ்ப்ளே லாக்டு என்பதற்கு யெஸ் கொடுத்துவிட வேண்டும். அதன்பின் சக்கரத்தை எவ்வளவு உருட்டினாலும் காகிதமும் வீடும் சேர்ந்தே பெரிதாகும், விகிதம் அசையாது. ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால் உள்ளே போய் ஜூம் கட்டளைக்கு 1/50எக்ஸ்பி என்று கொடுத்துவிட்டு, பிறகு பூட்டலாம். அந்த எக்ஸ்பியை விட்டுவிட்டு வெறும் 1/50 கொடுத்தால் அர்த்தமே வேறு, கவனம்.

ஆனால் பூட்டு பாதி வழிதான். பிரிண்ட் கடையில் ஏ3-ஐ ஏ4-இல் "ஃபிட் டு பேப்பர்" போட்டு எடுத்தால் எல்லாம் சுமார் 71 சதவீதமாகச் சுருங்கிவிடும். அப்போதும் கீழே 1:50 என்றுதான் இருக்கும். அதனால் நான் 5 மீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டையை மாடல் ஸ்பேஸிலேயே, வீட்டுப் பக்கத்தில் வரையச் சொன்னேன். காகிதப் பக்கம் வரைந்தால் பிரயோஜனமில்லை, ஓட்டை தப்பினாலும் அது அசையாமல் நிற்கும். மாடலில் இருந்தால் வீடு சுருங்கும்போது அதுவும் கூடவே சுருங்கும். 1:50-இல் சரியாக 100 மி.மீ., எங்கள் பழைய பிரிண்டில் இருந்திருந்தால் 91.

சுவரைப் பிரித்துக் கட்டிய கூலி என்னுடையது. மேஸ்திரியிடம் மன்னிப்பும் கேட்டேன், "விடுங்க சார்" என்றார். புது பிரிண்ட் வந்ததும் அவர் சமையலறைப் பக்கமே போகவில்லை. முதலில் அந்தப் பட்டையில் ஸ்கேலை வைத்தார். 100 இருந்தது. அப்புறம்தான் நூல் கட்ட ஆளைக் கூப்பிட்டார்.