படிப்பும் ஊதியமும்

ஏர் ஓட்டுதல், வரப்பு வெட்டுதல் முதலியன ஆண்களின் வேலை. நாற்று நடுதல், களை பறித்தல் முதலியன பெண்களின் வேலை. உழவுத்தொழிலில் நெடுங்காலமாக இப்பிரிவினை நிலவுகிறது. நாளெல்லாம் சேற்றில் குனிந்து நின்றாலும் பெண் பெறும் கூலி பொதுவாக ஆண் பெறுவதைவிடக் குறைவே. ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுடைய வேலைக்கும் இருபாலர்க்கும் சம ஊதியம் வழங்கவேண்டும் என 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் விதித்தது. வேலையே இருவேறாகப் பிரிக்கப்பட்டிருந்த இடத்தில், அச்சட்டத்தைக் காட்டி உரிமை கோருவது எளிதாக இருக்கவில்லை.

இந்நிலையிலிருந்து பெண் வெளியேறுவதற்குரிய வழிகளுள் முதன்மையானது கல்வி. அரசுப்பள்ளி ஆசிரியர், செவிலியர், வங்கி அலுவலர் ஆகியோரின் ஊதியம் பதவிக்கு உரியது. பதவியில் இருப்பவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தன்று. படிக்காத பெண்ணின் கூலி மிகக் குறைவாக இருப்பதனால், படிப்பினால் அவள் பெறும் உயர்வு விழுக்காட்டளவில் பெரிதாகிறது. ஜார்ஜ் சகரோபவுலோஸ், ஹாரி பேட்ரினோஸ் என்னும் பொருளியல் அறிஞர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து, 2018இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஊதியத்தைச் சராசரியாக ஏறத்தாழ 9 விழுக்காடு உயர்த்துகிறது. பெண்களுக்கு இவ்வுயர்வு ஆண்களைவிடச் சுமார் 2 விழுக்காட்டுப் புள்ளிகள் மிகுதி என்பது அவர்கள் கண்டது.

அவ்வாறாயின் இடைவெளி தானே மறைந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று. மாதந்தோறும் ஆண் 12,000 ரூபாயும் பெண் 8,000 ரூபாயும் ஈட்டுவதாகக் கொள்வோம். ஓராண்டுப் படிப்பு ஆணுக்கு 8 விழுக்காடும் பெண்ணுக்கு 10 விழுக்காடும் உயர்வு தருமாயின், ஆணுக்கு 960 ரூபாய் கூடும். பெண்ணுக்கு 800 ரூபாயே கூடும். 4,000 ரூபாயாக இருந்த இடைவெளி 4,160 ரூபாயாகிறது. பெண்ணின் ஊதிய விகிதம் சற்றே உயர்ந்துள்ளது என்பது உண்மை. அவள் கையில் குறையும் தொகை வளர்ந்துள்ளது என்பதும் உண்மை. விழுக்காட்டை மட்டும் படித்து மகிழ்வோர் இரண்டாவது உண்மையைக் காணத் தவறுகின்றனர்.

இக்கணக்கில் இடம்பெறாத பெண்களும் உளர். ஊதியம் பெறுவோரையே இத்தகைய ஆய்வுகள் அளக்கின்றன. பட்டம் பெற்றும் வேலைக்குச் செல்லாதவர் இதனுள் வாரார். இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களுள் வேலையில் இருந்தோரும் வேலை தேடியோரும் 2017-18ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 23.3 விழுக்காட்டினரே. 2023-24இல் இது 41.7 விழுக்காடாக உயர்ந்தது. எனினும், இவர்களுள் ஊதியமின்றிக் குடும்ப நிலத்திலும் கடையிலும் உழைப்போரும் அடங்குவர்.

பொருளியலுக்கான 2023ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பெற்ற கிளாடியா கோல்டின், அமெரிக்கப் பெண்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை ஆராய்ந்தவர். அந்நாட்டில் இன்று பெண்கள் கல்வியில் ஆண்களை விஞ்சி நிற்கின்றனர். ஆயினும் ஒரே தொழிலில் உள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே ஊதிய வேறுபாடு நீடிக்கிறது. அது பெரும்பாலும் முதல் குழந்தை பிறந்தபின் தோன்றுகிறது. நேரங்காலம் பாராது உழைப்பவருக்கே மிகுந்த ஊதியம் கிடைக்கும் பணிகளில், குழந்தையைப் பேணும் பொறுப்பை ஏற்றவர் பின்தங்குகிறார்.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மகப்பேற்று விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. ஐம்பது பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகம் அமைக்கவேண்டும் என்றும் அத்திருத்தம் விதித்தது. நடவுக்குச் செல்லும் பெண்ணோ, தன் குழந்தைக்கு இன்றும் வரப்போரத்து மரக்கிளையில்தான் தூளி கட்டுகிறாள்.