முக்குளிக்கும் கைக்கு ஒரு கணினி

குவாலா பெசுட் படகுத்துறையில் பெர்ஹெந்தியான் தீவுக்குப் படகு ஏறக் காத்திருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டேவிட்டார்: "தம்பி, அது என்ன, பிரஷர் பார்க்கிற மிஷினா?"

"பாதி சரிதான், ஐயா" என்றேன். அதுவும் அழுத்தத்தைத்தான் அளக்கிறது, ஆனால் கடல் நீரின் அழுத்தத்தை. ஸ்கூபா முக்குளிப்பவர்கள் கையில் கட்டிக்கொள்ளும் சிறு கணினி அது. 'டைவ் கம்ப்யூட்டர்' என்பார்கள். சாதாரணக் கடிகாரத்தைவிடச் சற்றுப் பெரியது. விலையோ பல கடிகாரங்களுக்குச் சமம்.

அந்த விலைதான் எங்கள் வீட்டில் விவாதத்தைக் கிளப்பியது. பதினேழு வயது மகள் முக்குளிப்புப் பயிற்சியை முடித்து உரிமம் வாங்கிவிட்டாள். அவளுக்கும் ஒரு கணினி வாங்கலாம் என்றேன். "ரெண்டு பேரும் ஒன்னாத்தானே இறங்குறீங்க? உங்க கையில இருக்கிற ஒன்னு போதாதா?" என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. கடலுக்குப் போகும் நம்மவர்களில் பலர் இதையேதான் கேட்கிறார்கள். முன்னால் போகும் வழிகாட்டியிடம் ஒன்று இருக்கிறதே, அது போதும் என்று இறங்கிவிடுகிறார்கள். போதாது என்பதற்கான காரணம் நம் உடம்புக்குள் இருக்கிறது.

கடலில் 10 மீட்டர் இறங்கும்போதெல்லாம் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீட்டரில் நாம் சுவாசிக்கும் காற்று, தரையில் இருப்பதைவிட நான்கு மடங்கு அழுத்தத்தில் நுரையீரலுக்குள் போகிறது. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். உடம்பு அதைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் அழுத்தம் கூடக்கூட அது ரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்துகொண்டே இருக்கும். மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியே வெளியேறிவிடும். அவசரப்பட்டு வந்தால், குலுக்கிய 100 பிளஸ் டின்னைத் திறந்ததுபோல் உடம்புக்குள்ளேயே குமிழ்கள் கிளம்பும். மூட்டுவலி, தோல் தடிப்பு, கைகால் மரத்துப்போதல் என்று தொடங்கி, முற்றினால் பக்கவாதம் வரை கொண்டுபோகும்.

இதைக் கணக்குப் போட்டுத் தடுக்கலாம் என்று காட்டியவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி. பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை அழுத்த அறைக்குள் வைத்துச் சோதித்து, 1908-இல் அட்டவணைகளை வெளியிட்டார். உடம்பின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை உறிஞ்சுவதில்லை என்பது அவர் கண்ட முக்கிய உண்மை. ரசத்தில் போட்ட அப்பளம் உடனே ஊறும். தயிரில் போட்ட வடைக்கு நேரம் பிடிக்கும். அதுபோலத்தான். ஹால்டேன் ஐந்து வகை 'ஊறல்'களை வைத்துக் கணக்கிட்டார். பிறகு சூரிக் நகரைச் சேர்ந்த ஆல்பர்ட் பூல்மன் அதைப் பதினாறாக விரித்தார். இன்று கடையில் விற்கும் பல கணினிகளுக்குள் ஓடுவது அவருடைய சூத்திரம்தான்.

நான் பயிற்சி எடுத்த காலத்தில் பிளாஸ்டிக் அட்டையில் அச்சிட்ட அட்டவணையைத்தான் மனப்பாடம் செய்தோம். முதல் முக்குளிப்பில் 18 மீட்டர் என்றால் 56 நிமிடம், 22 மீட்டர் என்றால் 37 நிமிடம், 30 மீட்டர் என்றால் வெறும் 20 நிமிடம். அந்த நேரத்துக்குள் கிளம்பினால் இடையில் கட்டாய நிறுத்தம் இல்லாமல் மேலே வரலாம். 18-க்கும் 22-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். நான்கு மீட்டர் ஆழத்துக்குப் பத்தொன்பது நிமிடம் குறைகிறது. பெர்ஹெந்தியானில் தோக்கோங் லாவுட் என்ற பாறைக் குன்று இருக்கிறது. மகள் பாறையோரம் மேலே மீன் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கொஞ்சம் கீழே, பாறை இடுக்கில் படுத்திருக்கும் மூங்கில் சுறாவைத் தேடிக்கொண்டிருப்பேன். ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியும் தூரந்தான். ஆனால் என் உடம்பில் ஊறியது வேறு, அவள் உடம்பில் ஊறியது வேறு. கணினி சில விநாடிக்கு ஒருமுறை ஆழத்தை அளந்து அதைக் கட்டியிருக்கும் கைக்கு மட்டுமே கணக்கு எழுதுகிறது. இதைச் சொன்னதும் மனைவி பட்ஜெட்டுக்குச் சம்மதித்தார்.

வழிகாட்டியின் கணினியை நம்பி இறங்கினால் என்ன ஆகும் என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் தியோமானில் பார்த்தேன். நாங்கள் தங்கியிருந்த விடுதியில் வேறு குழுவோடு வந்த ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், ஒரே நாளில் மூன்று முறை இறங்கியிருந்தார். கையில் எதுவும் கட்டவில்லை. ராத்திரி முழங்கை வலிக்கிறது என்றார். டேங்க் தூக்கியதால் பிடித்துக்கொண்டது என்று எல்லோரும் சொல்ல, கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டார். காலையில் விரல்வரை மரத்துவிட்டது. ஆக்சிஜன் கொடுத்து, படகில் மெர்சிங் கொண்டுபோய், அங்கிருந்து மருத்துவமனை, பிறகு நாட்டின் மறுகரையில் உள்ள லுமுட். அங்குள்ள கடற்படைத் தளத்தின் இராணுவ மருத்துவமனையில் இதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை இருக்கிறது. குணமாகி வீடு திரும்பினார். ஆனால் மருத்துவர் முதலில் கேட்ட கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை: எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எவ்வளவு வேகத்தில் மேலே வந்தீர்கள்? குழுவை நடத்தியவரின் கணினியில் இருந்தது குழுவை நடத்தியவரின் ஆழம். இவர் அவருக்குக் கீழே எத்தனை மீட்டரில் நீந்தினார் என்பது யாருக்கும் தெரியவில்லை. கையில் ஒன்று இருந்திருந்தால் மூன்று முக்குளிப்பும் அதில் பதிவாகியிருக்கும். அதைவிட முக்கியமாக, மூன்றாவது தடவை அது அவரை முன்கூட்டியே மேலே அனுப்பியிருக்கலாம்.

சரி, எதை வாங்குவது?

மகளுக்கு ஆசை, தொடுதிரைக் கடிகாரத்தின் மேல். ஆப்பிள் வாட்ச் அல்ட்ராவில் 40 மீட்டர் வரை ஆழம் பார்க்கலாம். முக்குளிப்புக் கணக்குக்குத் தனிச் செயலி இருக்கிறது. கார்மின் டிசென்ட் வகையும் தினமும் கட்டிக்கொண்டு திரியலாம். மோசமான கருவிகள் என்று சொல்லமாட்டேன். ஆனால் சார்ஜ் கேட்கும் கருவியைத் தீவுக்குக் கொண்டுபோவது எனக்குச் சரிப்படவில்லை. ஒயரை வீட்டில் மறந்துவிட்டுப் போனால் பயணமே பாழ். என் ஓட்டு, காசு வடிவ பேட்டரி போட்டு மாதக்கணக்கில் ஓடும் எளிய வகைக்கே. கிரெஸ்ஸி லியோனார்டோ, சூன்டோ சூப், மாரெஸ் பக் எல்லாம் அந்த ரகம். ஆயிரம் வெள்ளிக்கு முன்பின் ஆகும். வண்ணத் திரையோடு, கண்ணாடி போலத் தெளிவாக வேண்டுமென்றால் கனடாவின் ஷியர்வாட்டர் பெரெகிரின் இருக்கிறது. விலை அதைப்போல் இரு மடங்குக்கு மேல். அதற்கு சார்ஜ் வேண்டும் என்றாலும் ஒருமுறை ஏற்றினால் வாரயிறுதிப் பயணத்துக்குத் தாராளமாகத் தாங்கும்.

கடையில் விற்பனையாளர் வசதிகளை அடுக்குவார். திசைகாட்டி, புளூடூத், டேங்கில் எவ்வளவு காற்று மிச்சம் என்று கம்பியில்லாமல் காட்டும் கருவி. இவையெல்லாம் இருந்தால் நல்லது, அவ்வளவுதான். நீங்கள் பார்க்க வேண்டியது, கட்டாய நிறுத்தத்துக்கு முன் மிச்சமிருக்கும் நிமிடத்தைக் காட்டும் அந்த ஒரே எண் எவ்வளவு பெரியதாக இருக்கிறது என்பதை. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கையை நீட்டி, அந்த எண்ணைப் படிக்க முடிகிறதா என்று கடையிலேயே சோதித்துவிடுங்கள். முகமூடிக்கு வெளியே உள்ள பொருள் நீருக்கடியில் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பது நமக்குக் கிடைக்கும் சின்னச் சலுகை. ஆனால் கலங்கிய தண்ணீர் அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும்.

அடுத்து, கணினியின் குணம். எல்லாக் கணினியும் ஒரே மாதிரி எச்சரிக்கையோடு கணக்குப் போடுவதில்லை. ஒரே ஆழத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இருவரில் ஒருவர் கையில் 12 நிமிடமும் மற்றவர் கையில் 7 நிமிடமும் காட்டலாம். சூத்திரம் வேறு, அமைப்பும் வேறு. எங்கள் குழுவில் ஒரே விதிதான்: குறைவாகக் காட்டும் கை சொல்வதைக் கேட்பது. பெரும்பாலான கருவிகளில் எச்சரிக்கையின் அளவை நாமே கூட்டலாம். சூன்டோவில் பி0, பி1, பி2 என்றும், கிரெஸ்ஸியில் எஸ்எஃப்0 முதல் எஸ்எஃப்2 வரையும், ஷியர்வாட்டரில் குறைவு, நடுத்தரம், அதிகம் என்றும் இருக்கும். நமக்கு ஐம்பது வயது, முந்தின ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, தொப்பை வேறு என்பதெல்லாம் கருவிக்குத் தெரியாது. எனவே என்னுடையதை ஒரு படி ஏற்றி வைத்திருக்கிறேன். ஐந்து நிமிடம் குறையும். குறையட்டும்.

வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நேற்று வேறொருவர் கையில் இருந்த கணினி, அவர் உடம்பின் நைட்ரஜன் கணக்கை இன்னும் சுமந்துகொண்டிருக்கலாம். கடைசியாக எப்போது கடலில் இறங்கியது என்று கேட்டு வாங்குங்கள். முதல் முக்குளிப்புக்குக் கட்டியதையே அந்தப் பயணம் முழுக்கக் கட்டுங்கள். நடுவில் மாற்றினால் புதியது உங்களைப் பற்றி ஒன்றும் அறியாது.

கட்டுவதிலும் ஒரு பழக்கம் வேண்டும். பலர் இடது கையில் கட்டுகிறார்கள். மிதவைச் சட்டையின் காற்றை வெளியேற்றும் குழாயை இடது கையால் தூக்கிப் பிடித்து மேலே வரும்போது திரை கண்ணுக்கு நேரே நிற்கும். மேலே ஏறும் வேகம் நிமிடத்துக்கு 10 மீட்டரைத் தாண்டினால் பல கணினிகள் கத்தும். கடைசிப் பத்து மீட்டரில்தான் அழுத்தம் இரண்டிலிருந்து ஒன்றாக, அதாவது சரிபாதியாகக் குறைகிறது. பலர் அவசரப்படுவதும் அங்கேதான். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கச் சொல்லி அதுவே எண்ணிக் காட்டும்.

ரப்பர் உடையின் மேல் கட்டினால், ஆழத்தில் ரப்பர் நசுங்கிப் பட்டை தளர்ந்து கணினி மணிக்கட்டின் அடிப்பக்கம் சுழன்றுவிடும். படகில் இறுக்கிக் கட்டுவது இதற்கு வழியாகாது. இரத்த ஓட்டம் தடைபட்டு விரல் மரத்தால், அது பட்டையின் வேலையா நைட்ரஜனின் வேலையா என்ற குழப்பம் வரும். இழுபடும் ரப்பர் கயிறு போட்ட பட்டைதான் சரி. நம்மவர்கள் கையில் கோயில் கயிறும் இருக்கும். கழற்ற மனமில்லை என்றால் அதை வலது கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மகளின் கயிறு ஒருமுறை பட்டையின் கொக்கியில் மாட்டிக்கொண்டு, இறங்கும் நேரத்தில் படகே காத்திருந்தது.

கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து நிழலில் வையுங்கள். வாளித் தண்ணீரிலேயே ஊறவிட்டால் பல கணினிகள் கடலில் இருப்பதாக நினைத்து விழித்துக்கொண்டே இருக்கும், பேட்டரி தீரும்.

மகள் கடைசியில் பெரிய எண் காட்டும் எளிய வகையையே எடுத்தாள். நிறம் மஞ்சள், அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பெர்ஹெந்தியானில் மூன்று நாள் ஏழு முறை இறங்கினோம். கடைசி நாள் தண்ணீரை விட்டு வெளியே வந்தபோது காலை மணி 11. திரும்பும் வழியில் குவா மூசாங், லோஜிங் வழியாகக் கேமரன் மலைக்குப் போய் ஸ்ட்ராபெரி வாங்க வேண்டும் என்பது மனைவியின் திட்டம். விமானம் ஏறினால்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். மலை ஏறினாலும் காற்றழுத்தம் குறையும். கேமரன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர். பல நாள், பல முறை முக்குளித்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் உயரத்துக்குப் போகக்கூடாது என்பது பொதுவான வழிகாட்டுதல். மகளின் கணினியில் சின்ன விமானப் படம் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. "அம்மா, நாளைக்குக் காலை அஞ்சு மணி வரைக்கும் மலை கிடையாது" என்றாள். சில கணினிகள் 24 மணி நேரமே சொல்லும். அவளுடையது அந்த வகை என்பது சற்று நேரங்கழித்துத்தான் தெரிந்தது. அன்றிரவு குவா மூசாங்கில் அறை எடுத்தோம். மறுநாள் காலை ரொட்டி சானாயை நிதானமாகச் சாப்பிட்டு, கடைத்தெருவைச் சுற்றிவிட்டு, மணி 11 தாண்டியபின் வண்டியை எடுத்தோம்.