வெயிலில் ஓடும் கார்

"வெயில் இனாம்தானே ஐயா! அதில் ஓடும் காருக்கு ஏது செலவு?" என்று கேட்கும் நண்பர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். வெயில் இனாம்தான், அதைப் பிடித்துத் தரும் பலகைகள் இனாமில்லையே! ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

சென்னையில் தனி வீட்டில் ஒரு குடும்பம். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் மின்சாரம். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி 1,195 ரூபாய். யூனிட்டுக்கு மூன்று ரூபாய்தான் ஆகிறது. இந்த வீட்டு வாசலில் சின்னதாக ஒரு மின்சாரக் கார் வந்து நிற்கிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டம். சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் சுமார் 160 யூனிட் குடிக்கும். இரண்டு மாதத்துக்கு 320. மொத்தம் 720 யூனிட். பில்லைப் பார்த்தால் 4,098 ரூபாய்!

ஏன் இப்படி? 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் குறைகிறது. மேல் படிகளில் யூனிட் 8.55, 9.65 என்று ஏறுகிறது. ஆகவே வீட்டுக்கு மூன்று ரூபாய்க்குக் கிடைத்த மின்சாரம் காருக்கு ஒன்பது ரூபாய். பின்னால் வந்த விருந்தாளிக்குத்தான் எப்போதும் செலவு அதிகம்!

அப்படியும் மாதம் சுமார் 1,450 ரூபாயில் அடங்கிவிடும். பெட்ரோல் கார் என்றால், லிட்டர் நூறு ரூபாய், பதினைந்து கிலோமீட்டர் என்று வைத்தாலும் 6,600-க்குக் குறையாது. பெரிய லாபம் பெட்ரோலை விட்டதிலேயே வந்துவிட்டது.

பிறகு மாடிப் பலகை எதற்கு என்கிறீர்களா? 3 கிலோவாட் பலகைகளுக்கு ஏறக்குறைய 1,90,000 ரூபாய் ஆகும். 2024-ல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் மானியம் 78,000. மீதி 1,12,000. நாளுக்குச் சுமார் 12 யூனிட் கிடைக்கும். போட்ட பணத்துக்கு வட்டி, நடுவில் ஒரு தடவை இன்வெர்ட்டர் மாற்றுவது, தூசி துடைப்பது எல்லாம் சேர்த்து இருபத்தைந்து வருஷத்துக்குப் பங்கு போட்டால் யூனிட் மூன்று ரூபாயை ஒட்டி வரும். காருக்கு மாதம் 480 ரூபாய்!

வேடிக்கை என்னவென்றால், கார் இல்லாத அந்த வீட்டில் இதே பலகைகளைப் போட்டால் முதல் திரும்பப் பதினைந்து வருஷம் ஆகும். கார் வந்தபின் போட்டால் சுமார் ஐந்தே வருஷம். ஒன்பது ரூபாய் யூனிட்டை அல்லவா அது வெட்டுகிறது!

"பகலில் கார் ஆபீஸில் நிற்கிறதே?" என்று இல்லத்தரசி கேட்பாள். நியாயமான கேள்விதான். பகலில் வீட்டில் மிஞ்சும் மின்சாரம் தெருக்கம்பிக்குப் போகும்; இரவில் எடுப்பதில் அதைக் கழித்துக்கொள்வார்கள். இரு பக்கமும் எண்ணும் மீட்டர் பொருத்தாமல் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் விளைச்சல் குறையும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: பேட்டரி சேர்க்காத சாதாரண அமைப்பில், தெருவில் கரண்ட் போனால், நல்ல வெயிலிலும் மாடிப் பலகை தானே நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஆளின் உயிரைக் காக்கத்தான் அந்த ஏற்பாடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இருட்டில் உட்கார்ந்திருந்த சென்னைவாசிகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு மாடி பொதுச்சொத்து. அவர்கள் சூரியனைச் சம்மதிக்க வைக்கு முன்னால் சங்கத்தைச் சம்மதிக்க வைக்க வேண்டும்!