டயலாக்கும் மாத்தாடும்

நம் இல்லங்களில் பிள்ளைகள் சற்று மிகையாகப் பேசினால், "டயலாக் பேசாதே" என்று அதட்டுகிறோம். திரைப்பட வசனமே நம் செவிக்கு டயலாக் ஆகிவிட்டது. ஆயின் அச்சொல்லின் பிறப்பு வேறு.

டயலாக் என்பது கிரேக்கத்தில் தோன்றி, இலத்தீன், பிரெஞ்சு மொழிகளின் வழியே ஆங்கிலத்தை அடைந்த சொல். இருவர் பேசுவதே டயலாக் எனப் பலர் எண்ணுவர். அது பிழை. கிரேக்கத்தில் 'டி' என்றால்தான் இரண்டு. இச்சொல்லில் உள்ளதோ 'டியா'. அதற்கு 'ஊடாக' என்பது பொருள். 'லோகோஸ்' என்பது சொல். எனவே இத்தனை பேர்தாம் பேசவேண்டும் என்னும் கணக்கு அதில் இல்லை. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் பிளேட்டோ இயற்றிய 'விருந்து' என்னும் உரையாடல் நூலில், விருந்துக்கு வந்தோர் பலரும் காதலைப் பற்றிப் பேசுகின்றனர்.

நாம் இதனை உரையாடல் என்கிறோம். கன்னடர் 'மாத்தாடு' என்கின்றனர். இரண்டிலும் 'ஆடு' என்னும் ஒரே வினை நிற்பதைக் காண்க. 'மாத்து' என்பதும் நமக்கு அயலன்று. பழந்தமிழில் 'மாற்றம்' என்றால் சொல், மறுமொழி என்று பொருள். பர்ரோ, எமனோ என்னும் அறிஞர் இருவர் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவ்விரு சொற்களையும் ஓரினமாகவே வைத்துள்ளது.

புகைவண்டி நிலையத்தில் சீட்டு வழங்கும் பணியில் நான் சேர்ந்த புதிதில், கன்னடத்தில் வினவியோர்க்கெல்லாம் "கன்னட கொத்தில்ல" என்பதே என் விடை. ஒருநாள் முதியவர் ஒருவர், "மாத்தாடி, பருத்தெ" என்று புன்னகைத்துச் சென்றார். பேசுங்கள், வந்துவிடும் என்பது அதன் பொருள். அன்று என் நாணமே எனக்கு ஆசானாயிற்று.

பேச்சு அறுந்தால் விளைவது யாது என்பதை இந்நகரம் அறியும். 1991-இல் காவிரிச் சிக்கலால் இங்குக் கலவரம் மூண்டது. அல்சூரில் நிறுவப்பெற்ற திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடிக் கிடந்தது. இரு மாநில அரசுகளும் பேசி இசைந்த பின்னரே, 2009 ஆகஸ்டு 9-இல் அதன் திரை விலகிற்று. நான்காம் நாள், ஆகஸ்டு 13-இல், சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது.

அன்பர்களே, வீட்டில் நம் பிள்ளைகள் தமிழில் உரையாடட்டும். வாசலைக் கடந்ததும் அச்சமின்றி மாத்தாடட்டும். இரண்டும் ஒரு குடும்பத்துச் சொற்களே.