பெயர் பீர், உள்ளே வேர்

கோடை பிறந்தால் காடாம்புலியூர்க் கடைகளில் நன்னாரி சர்பத் பாட்டில் முன்வரிசைக்கு வந்துவிடும். இதற்கு அமெரிக்காவில் ஒரு பங்காளி உண்டு: ரூட் பீர். பீர் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், அங்கே கடைகளில் விற்கும் ரூட் பீரில் பொதுவாகப் போதை கிடையாது. 1870களில் பிலடெல்பியாவில் ஹயர்ஸ் என்ற மருந்துக்கடைக்காரர் வேர், பட்டைகளைப் பொட்டலமாக விற்றார். 'வேர்த் தேநீர்' என்று பெயர் வைக்க நினைத்தவரிடம், "சுரங்கத் தொழிலாளி அதை வாங்கமாட்டான், பீர் என்று சொல்" என்றாராம் நண்பர். நெய்வேலிச் சுரங்கத்தை அண்டி வியாபாரம் செய்யும் நமக்கு இந்தச் சூட்சுமம் புரியும்!

அதில் சேர்த்த சாசஃப்ராஸ் வேரின் எண்ணெய் எலிகளுக்கு ஈரல் புற்றை உண்டாக்கியதால் அமெரிக்க அரசு 1960ல் தடை போட்டது. பிறகு பெரும்பாலும் எசென்ஸ்தான்.

நன்னாரி வேறு செடி. அதன் மணம் வெனிலாவுக்கு நெருங்கிய உறவு. மணமெல்லாம் தோலில்தான், நடுக்கட்டை வெறும் நார். வேர் வாங்கும்போது தோலை நகத்தால் சுரண்டி முகருங்கள், பிறகு மெல்லுங்கள். முதலில் இனிக்கும், பின்னால் லேசாகக் கசக்கும். சர்பத்தைத் தண்ணீரில் கலந்து, எலுமிச்சை பிழியாமல் ருசியுங்கள். புளிப்பு குறையை மறைத்துவிடும். எசென்ஸ் சரக்கு மூக்கைத் துளைக்கும், நாக்கில் நிற்காது. லேபிளில் 'செயற்கை மணம்' என்றிருக்கிறதா, அதையும் படியுங்கள்.

விலை மலிவென்று ருசி பாராமல் நாம் ஒருமுறை ஐந்து பெட்டி இறக்கினோம். பாதி திரும்பி வந்தது. அன்று ஏமாந்த டீக்கடைக்காரர் இன்றும் நன்னாரிக்குப் பண்ருட்டிதான் போகிறார்.